இரணியனுக்கும் ஒரு முகாரி வேண்டும்

சங்கத்தின் ஆண்டுவிழாவுக்குப் பிரகலாதன் கதையை இசை நாடகமாகப் போடுவது என்று கமிட்டியில் முடிவானதும் முதலில் நடக்கும் காரியம் இரணியன் வேஷத்துக்கு ஆள் பிடிப்பதுதான். யாருக்குத் தொண்டை பெரிது, யாருக்குத் தோள் அகலம் என்று பார்ப்பார்கள். பாடத் தெரியுமா என்று மட்டும் கேட்கமாட்டார்கள். பிரகலாதனுக்குப் பாட்டு உண்டு. நாரதருக்குக் கேட்கவே வேண்டாம். தாய்க்கு ஒரு சோகப் பாட்டு உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட ஒரு கோஷ்டிகானம் உண்டு. இரணியனுக்குக் கிடைப்பது ஒரு கதாயுதமும் நான்கைந்து "அடேய்"களும். அவர் வந்து உறுமிவிட்டுப் போகிறார், கடைசியில் அட்டைத் தூண் பிளக்கிறது, கைதட்டல், பிறகு பரிசளிப்பு.

வீட்டுக்குப் போகிற வழியில் குழந்தை கேட்கிறது: "அப்பாவே எப்படிப் பிள்ளையைக் கொல்லச் சொல்வார்?" நாம் "அவன் அசுரன், அப்படித்தான்" என்று சொல்லி வைக்கிறோம். கேள்விக்கு அது பதில் ஆகாது. குழந்தைக்கும் அது தெரியும். தூக்கக் கலக்கத்தில் விட்டுவிடுகிறது.

குற்றம் நடிகரிடத்தில் இல்லை. நாடகத்தைச் சுருக்குகிறவரின் கத்தரிக்கோலில் இருக்கிறது. இரவு முழுவதும் நடக்கவேண்டிய கதையை முக்கால் மணி நேரத்துக்குள் அடைக்கும்போது முதலில் வெட்டுப்படுவது வில்லனுக்குரிய காரணம். யானை மிதிக்க வருவது, பாம்பு கடிக்க வருவது, மலையிலிருந்து உருட்டுவது, கடலில் போடுவது எல்லாம் தவறாமல் இருக்கும். ஏன் இவன் இப்படி ஆனான் என்பது மட்டும் இராது.

அந்தக் காரணம் பாகவதத்தின் ஏழாம் ஸ்கந்தத்தில் விரிவாகவே இருக்கிறது. இரணியனின் உடன்பிறந்தவன் இரணியாட்சன். வராக அவதாரம் எடுத்த திருமால் அவனைக் கொன்றார். வீட்டில் சாவு விழுந்திருக்கிறது. தாய் திதி அழுகிறாள். இறந்தவனின் மனைவியும் பிள்ளைகளும் அழுகிறார்கள். மூத்த பிள்ளையான இரணியன் அவர்களைத் தேற்றுகிறான். எப்படித் தேற்றுகிறான் என்பதுதான் விசேஷம். உசீநர நாட்டு மன்னன் சுயக்ஞன் போரில் மாண்டபோது, உடலைத் தகனம் செய்ய விடாமல் உறவினர் கட்டிக்கொண்டு அழுதார்களாம். அப்போது யமன் ஒரு சிறுவனாக அங்கே வந்து, போனது எது, இருப்பது எது, யாருக்காக அழுகிறீர்கள் என்று கேட்டானாம். ஆன்மா அழியாது, உடல் நிலையாது என்று அவன் உபதேசித்த கதையை இரணியன் தன் தாய்க்கு எடுத்துச் சொல்கிறான். ஒரு வேதாந்தி சொன்னால் எவ்வளவு தெளிவாக இருக்குமோ அவ்வளவு தெளிவு. தாய் தேறிவிடுகிறாள். சொன்னவன் தேறவில்லை. தம்பியைக் கொன்றவனின் ரத்தத்தால் தர்ப்பணம் செய்வேன் என்று அதற்கு முன்பே சபதம் போட்டவன் அவன். சபதத்தை மறக்காமல் நேரே தவம் செய்யப் போய்விடுகிறான்.

ஊராருக்கெல்லாம் ஆறுதல் சொல்லிவிட்டுத் தனக்கு ஆறுதல் காணாதவன்! நாடகக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் நம் மேடைகளில் இந்தக் காட்சியைக் காண்பது அரிது.

இரண்டாவது காரணம் இன்னும் கூர்மையானது. வேலைக்காக வீட்டை விட்டு வெகுதூரம் வந்த நம் போன்றவர்கள் இதைச் சற்று நின்று படிக்கலாம். இரணியன் மந்தர மலையில் தவத்தில் இருக்கிறான். உடம்பைப் புற்று மூடிவிட்டது. தலைவன் இல்லாத வீட்டின்மேல் இந்திரன் படையெடுத்து வருகிறான். இரணியனின் மனைவி கயாது அப்போது கர்ப்பிணி. அவளை இந்திரன் பிடித்துக்கொண்டு போகிறான். வயிற்றில் இருக்கும் அசுரக் கருவைப் பிறந்ததும் அழித்துவிடுவது அவன் எண்ணம். நாரதர் குறுக்கிட்டு அவளை மீட்டுத் தம் ஆசிரமத்தில் வைத்துக் காப்பாற்றுகிறார். அங்கே அவர் சொன்ன உபதேசத்தைத் தாய் மறந்துவிட்டாள். வயிற்றில் இருந்த பிள்ளை மறக்கவில்லை.

தகப்பன் வரம் வாங்கிக்கொண்டு திரும்புகிறான். மனிதனாலும் மிருகத்தாலும் சாவில்லை, பகலிலும் இரவிலும் சாவில்லை, உள்ளும் புறமும் சாவில்லை, மண்ணிலும் விண்ணிலும் சாவில்லை. உலகத்தையே ஜயித்தாகிவிட்டது. வீட்டுக்குள் வளர்கிற பிள்ளையின் நெஞ்சில் என்ன இருக்கிறது என்று மட்டும் தெரியாது. தான் இல்லாத நாளில் அவன் வேறொருவரிடம் பாடம் கேட்டுவிட்டான் என்பது அவனுக்குத் தெரியவே தெரியாது. "யார் உனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார்கள்?" என்று மீண்டும் மீண்டும் கேட்கிறான். சுக்கிராச்சாரியாரின் மக்களான சண்டனும் அமர்க்கனும்தான் வாத்தியார்கள். அவர்கள்மேல் சந்தேகப்படுகிறான், திட்டுகிறான். அந்தப் பாவப்பட்டவர்கள் "நாங்கள் இல்லை ஐயா" என்று நடுங்குகிறார்கள். உண்மையில் அவர்கள் இல்லைதான்.

1966ல் தென் மத்திய ரயில்வே செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு பிறந்தபின் உத்தியோகத்தை முன்னிட்டு இங்கே வந்த குடும்பங்கள் அநேகம். அதற்கும் முன்னால் பட்டாளத்தோடும் வியாபாரத்தோடும் வந்து கண்டோன்மென்ட் பகுதியில் வேரூன்றியவர்கள் பலர். மாரேடுபள்ளியிலும் லாலாகூடாவிலும் எந்தத் தமிழ் வீட்டில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். தகப்பனார் ஷிப்ட் முடிந்து வருகிறார். பிள்ளை தெருவில் தெலுங்கில் சண்டை போடுகிறான், பள்ளியில் ஆங்கிலத்தில் படிக்கிறான், நண்பனோடு இந்தியில் சிரிக்கிறான். தமிழில் கேட்டால் "ஊம்" என்கிறான். "இதையெல்லாம் எவன்டா உனக்குக் கற்றுக்கொடுத்தான்?" என்று ஒரு நாளாவது கேட்காத தகப்பன் உண்டா? கேட்டபோது குரலில் கொஞ்சம் இரணியன் வந்துபோனதும் உண்டு. பிள்ளை கற்றது நல்ல பாடமாகவே இருக்கலாம். கோபம் பாடத்தின்மேல் வருவதில்லை. நாம் இல்லாத இடத்தில் அது நடந்தது என்பதன்மேல் வருகிறது.

இந்த ஊரில் வளரும் நம் பிள்ளைகளுக்கு ஒரு பாக்கியம் உண்டு. பள்ளியில் தெலுங்கு படிப்பவர்களுக்குப் போதனாவின் பாகவதம் கிடைக்கிறது. 15ஆம் நூற்றாண்டுக் கவிஞர். அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பம்மெர கிராமம் இங்கிருந்து வரங்கல் போகும் திசையில்தான் இருக்கிறது. பிரகலாத சரித்திரத்தின் பத்தியங்களைத் தெலுங்குப் பிள்ளைகள் பரம்பரையாகவே மனப்பாடம் செய்து வருகிறார்கள். நமக்கோ கம்பன் இருக்கிறான். வால்மீகி பாடாத இரணியன் கதையைக் கம்பன் யுத்த காண்டத்தில் ஒரு தனிப் படலமாகவே வைத்தான். இராவணனுக்கு வீடணன் சொல்லும் அறிவுரையாக. ஒரு வில்லனுக்கு இன்னொரு வில்லனின் கதையைச் சொல்லித் திருத்தப் பார்க்கிறார்கள்! தகப்பன் கம்பனையும் பிள்ளை போதனாவையும் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசினால், இரண்டு கவிகளும் இரணியனுக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார்கள் என்பது தெரியும். கேவலமான ஒருவனைக் கொல்ல ஆண்டவன் தூணைப் பிளந்துகொண்டு வரவேண்டியதில்லை என்பது அவர்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

மேடைக்கு வருவோம். நம் தஞ்சை ஜில்லாவில் மெலட்டூர் என்று ஒரு ஊர். அங்கே வரதராஜப் பெருமாள் சந்நிதியின் முன் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி பாகவத மேளா நடக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமத்தில், தமிழர் முன்னிலையில், இரவெல்லாம் நடக்கும் அந்த இசை நாட்டிய நாடகத்தின் மொழி தெலுங்கு. நாயக்க மன்னர் காலத்தில் குடியேறியவர்களின் வழிவந்த கலை அது. தியாகராஜருக்கு மூத்தவரான மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரியார் எழுதிய பிரகலாத சரித்திரமே அங்கே பிரதானம். தெலுங்கு நாட்டில் தமிழ் நாடகம் போடுகிற நாம், தமிழ்நாட்டில் தெலுங்கு நாடகம் போடுகிற அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

அங்கே இரணியன் வெறும் உறுமல்காரன் அல்ல. மற்றவர்களைப் போலவே அவனும் தனக்குரிய பிரவேச தருவோடு, தாளத்தோடு, அரசனுக்குரிய நடையோடு வருகிறான். லீலாவதி என்று அவர்கள் சொல்லும் அவன் மனைவியின் வேஷம் அந்த நாடகத்தின் உயிர்நாடி. ஆண்களே பெண் வேஷம் போடும் மரபு. கணவனுக்கும் மகனுக்கும் நடுவில் சிக்கிய தாயை ஓர் ஆண்பிள்ளை நடித்துச் சபையை அழவைக்க வேண்டும். அந்தத் தாயின் வேதனை எடுபடவேண்டுமானால் அவள் கணவன் நேசிக்கத்தக்கவனாக இருந்தாகவேண்டும். அரக்கனைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்றால் நமக்கென்ன? நல்ல புருஷன், நல்ல அரசன், ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கண்மூடி; அதனால்தான் அவளுக்கு அழுகை. வில்லனைக் குறைத்தால் தாயும் குறைந்துபோகிறாள். நரசிம்ம முகமூடியைக் கோவிலில் வைத்துப் பூஜித்து, விரதம் இருந்து அணிகிறார்கள். அதை அணிந்தவருக்கு ஆவேசம் வந்து, நாலு பேர் பிடித்து நிறுத்தவேண்டியிருக்கும். எதிரே நிற்கும் இரணியன் அந்த ஆவேசத்துக்கு ஈடாக நிற்கத் தெரிந்தவனாக இருக்கவேண்டும்.

இதே கதையைத் தியாகராஜரும் இசை நாடகமாக எழுதினார்; பிரகலாத பக்தி விஜயம். அதில் ஓர் அதிசயம்: இரணியன் மேடைக்கே வருவதில்லை. நாகபாசத்தால் கட்டிக் கடலில் போடப்பட்ட பிரகலாதனோடு நாடகம் தொடங்குகிறது. கடலரசன் வருகிறான், நாரதர் வருகிறார், கடைசியில் பெருமாளே வருகிறார். தூணும் இல்லை, தகப்பனும் இல்லை. பக்தனுக்கும் பகவானுக்கும் உள்ள உறவு ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. வேண்டாதவனை வெளியிலேயே நிறுத்திவிட்டார். எனக்கு இது நேர்மையான காரியமாகப் படுகிறது. இரணியனை ஒழுங்காக அழைத்து வாருங்கள், இல்லாவிட்டால் அழைக்காதீர்கள். அரைகுறையாக அழைத்து வந்து கத்தவிடுவது இந்த இரண்டிலும் சேராது.

இரணியனைக் கொண்டாடவும் தமிழில் ஒரு நாடகம் உண்டு. பாரதிதாசன் எழுதிய "இரணியன் அல்லது இணையற்ற வீரன்" 1934ல் பெரியார் தலைமையில் அரங்கேறியது. 1948ல் சென்னை அரசாங்கம் அதைத் தடை செய்தது. அதில் இரணியன் தமிழ் வீரன்; அவனை ஆரியச் சூழ்ச்சி வீழ்த்துகிறது; பிரகலாதன் அந்தச் சூழ்ச்சியின் கருவி. காலத்துக்கு வேண்டிய குரல் அது, துணிச்சலான குரல் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனாலும் என் மனத்துக்கு ஒரு குறை. அங்கே வில்லன் நீங்கிவிடவில்லை, இடம் மாறிவிட்டான். பழைய நாடகத்தில் இரணியனுக்குக் கிடைக்காத நியாயம் புதிய நாடகத்தில் பிரகலாதனுக்குக் கிடைக்கவில்லை. ஒருவனைப் புரிந்துகொள்வது என்றால் அவன் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வது என்று ஆகிவிடக்கூடாது. இரணியன் ஏன் செய்தான் என்று தெரிந்த பிறகும் அவன் செய்தது கொடுமைதான். குழந்தையைக் கடலில் போட்டவன் போட்டவன்தான்.

ஆர்.எஸ். மனோகர் வேறு வழியில் போனார். சினிமாவில் வில்லனாகவே அலுத்துப்போன மனிதர், மேடையில் வில்லன்களுக்கே தம் வாழ்நாளைக் கொடுத்தார். இலங்கேஸ்வரன், சூரபத்மன், இந்திரஜித், சிசுபாலன், நரகாசுரன் என்று பெயர்களை எண்ணிப் பாருங்கள். தந்திரக் காட்சிகளுக்காகக் கூட்டம் வந்தது உண்மை. வந்த கூட்டம் இராவணனின் பக்கத்து வழக்கையும் கேட்டுவிட்டுப் போனது. இராமனை வெறுத்தவர்களாக யாரும் வீடு திரும்பியதாக எனக்குத் தோன்றவில்லை.

"வில்லனை அழவைத்தால் பிள்ளைகள் வில்லன் பக்கம் சாய்ந்துவிடாதா?" என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. அவர்களுக்குப் புராணத்தையே சாட்சிக்கு அழைக்கலாம். வைகுண்டத்து வாயிற்காவலர்களான ஜயனும் விஜயனும் சனகாதி முனிவர்களின் சாபத்தால் மூன்று பிறவி எடுக்கிறார்கள்: இரணியாட்சனும் இரணியனும், இராவணனும் கும்பகர்ணனும், சிசுபாலனும் தந்தவக்கிரனும். ஆக, பகவானின் வீட்டு வாசலில் நின்றவனையே பகவானுக்குப் பகைவனாக அனுப்பியிருக்கிறது புராணம். அதற்கு அவ்வளவு தைரியம் இருக்கும்போது நமக்கு ஏன் பயம்?

பயமுறுத்துவது சுலபம். சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றி நாடக உலகில் வழிவழியாகச் சொல்லப்படும் ஒரு செய்தி உண்டு. 1867ல் பிறந்த அவர் தொடக்கத்தில் எமன், சனீஸ்வரன், இராவணன், இரணியன் போன்ற பயங்கர வேஷங்களைத்தான் போட்டுவந்தார். சாவித்திரி நாடகத்தில் எமனாக அவர் பாய்ந்து வந்ததைக் கண்ட ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு அங்கேயே கரு கலைந்துவிட்டதாம். மனம் உடைந்து வேஷம் போடுவதையே விட்டுவிட்டு, நாடக ஆசிரியராகிவிட்டார் என்பார்கள். பயமுறுத்தும் வல்லமை உச்சத்தில் இருந்த ஒருவர் அதை வைத்துவிட்டு எழுதப் போனார். நம் சங்க நாடகங்கள் இன்னும் அவர் விட்ட இடத்தில் நிற்கின்றன.

திரையில் இதைச் செய்து காட்டியவர் எஸ்.வி. ரங்காராவ். ஏ.வி.எம். எடுத்த 1967ஆம் ஆண்டு "பக்த பிரஹ்லாதா" தெலுங்குப் படத்தைப் பழைய ஆட்கள் மறந்திருக்கமாட்டார்கள். ரோஜாரமணி என்ற சிறுமி பிரகலாதன், அஞ்சலிதேவி தாய். ரங்காராவின் இரணியன் கோபப்படும்போதெல்லாம் அந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒரு தகப்பன் தெரிவான். உத்தரவு போடும் வாய் வேறு, பார்க்கும் கண் வேறு. அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அவர் கத்தியது குறைவு என்பதைக் கவனிக்கவேண்டும்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். அடுத்த முறை இந்த நாடகத்தைச் சுருக்குகிறவர் யானை, பாம்பு, மலை, விஷம் எல்லாவற்றையும் ஒரே பாட்டில் அடக்கிவிடட்டும். பார்க்கிறவர்களுக்குக் கதை தெரியும். அதில் மிச்சமாகும் பத்து நிமிஷத்தில் மூன்று இடங்களைச் சேர்க்கலாம்.

ஒன்று, இரணியன் தாயைத் தேற்றும் காட்சி. அதற்கு அடாணா வேண்டாம். கோபத்துக்கு அடாணா என்பது மேடை வழக்கம், இங்கே அவனுக்குக் கோபம் இல்லை. இன்னொன்று, குருகுலத்திலிருந்து வந்த பிள்ளையை மடியில் இருத்தி, "படித்ததில் உனக்குப் பிடித்ததைச் சொல்" என்று கேட்கும் இடம். நம் நாடகங்களில் இது அரை நிமிஷத்தில் முடிந்து, உடனே தள்ளிவிடுதல் வந்துவிடுகிறது. பிள்ளையை உச்சிமோந்து, கண்ணீரால் நனைத்து, ஆசையாகக் கேட்கிறான் என்கிறது பாகவதம். அந்த ஆசை முழுவதையும் சபை பார்க்கவேண்டும். அப்போதுதான் மடியிலிருந்து பிள்ளை உருண்டு விழும்போது நெஞ்சில் அடிக்கும்.

மூன்றாவதுதான் முக்கியம். எல்லாத் தண்டனையும் தோற்றபின் இரணியன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். இந்தப் பிள்ளைக்குப் பயமே இல்லை, இவனோடு விரோதித்ததாலேயே எனக்குச் சாவு வருமோ என்று எண்ணுகிறான். முகம் வாடிப்போகிறது. வாத்தியார்கள் வந்து சமாதானம் சொல்லும்படி ஆகிறது. மூன்று உலகமும் நடுங்க நின்றவன், பேச ஆளில்லாமல் தனியாக இருக்கும் ஒரே இடம் இதுதான். பின்வாங்க இன்னும் வழி இருக்கிறது. பிள்ளையைக் கூப்பிட்டு அணைத்தால் முடிந்தது. அணைத்தால் தம்பிக்குச் செய்த சபதம் போகும். அணைக்காவிட்டால் பிள்ளை போகும், அல்லது தானே போவான். இந்த இடத்தில் இரணியனுக்கு ஒரு முகாரி கொடுங்கள். பாடத் தெரிந்தவருக்கு வேஷம் கொடுக்கவேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். தொண்டை பெரிதாக இருந்தால் மைக் இல்லாத காலத்தில் உபயோகம். இப்போது எந்த ஹாலிலும் மைக் இருக்கிறது.

பாட்டு எழுத ஆள் இல்லை என்று சொல்லவேண்டாம். ஸ்கந்தகிரியில் பஜனைக்கு வருகிறவர்களிலேயே மெட்டுக்கு வார்த்தை கட்டத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். வசதி இருந்தால், சுரபி குழுவினர் பிரகலாதன் கதையைப் போடும்போது ஒத்திகைக்கு முன்னால் நடிகர்களை அழைத்துப்போய்க் காட்டலாம். 1885ல் கடப்பை ஜில்லாவின் ஒரு கிராமத்தில் கீசகவதம் ஆடித் தொடங்கிய குடும்பங்கள் அவை. வில்லன் பெயரில் பிறந்த கம்பெனி என்பதாலோ என்னவோ, வில்லனுக்கு உரிய மரியாதை அங்கே உண்டு.

முடிவைப் பற்றியும் ஒன்று. நரசிம்மர் தோன்றி, இரணியன் விழுந்து, மங்களம் பாடித் திரை போட்டுவிடுகிறோம். பாகவதத்தில் கதை அங்கே முடியவில்லை. என்ன வரம் வேண்டும் என்று பெருமாள் கேட்டபோது, தன் தகப்பன் செய்த பாவத்திலிருந்து அவனை விடுவிக்கும்படிதான் பிரகலாதன் கேட்கிறான். இருபத்தொரு தலைமுறையோடு உன் தந்தை தூய்மையானான் என்று பதில் வருகிறது. அதன்பின் பட்டாபிஷேகத்துக்கு முன்னால், பிள்ளை தன் கையால் தகப்பனுக்கு ஈமக்கடன் செய்கிறான். வசனமே தேவையில்லை, ஒரு கும்பமும் கொஞ்சம் எள்ளும் தண்ணீரும் போதும். பிரகலாதனாக வரும் பையனுக்கு அதை எப்படிச் செய்வது என்று அவன் தகப்பனாரே சொல்லிக் கொடுக்கட்டும்.